எரிவதைப் பிடுங்கினாலும் கொதிப்பது அடங்காது

சோற்றுப் பானையில் கொதிக்கும் நீருக்கும், கொல்லன் பட்டறை நெருப்புக்கும், அணுவைப் பிளக்கும் எந்திரத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: உலை. முதல் இரண்டையும் அடக்கும் வழியை நம் பாட்டிமார் ஒரு பழமொழியில் சொல்லிவைத்தார்கள்: எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பானை பொங்கப் போகிறதென்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டால் போதும். நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையத்துக்கும் ஏறத்தாழ இதே விதிதான். கரி போவதை நிறுத்தினால் கொதிகலன் தானாக ஆறிவிடும்.

மூன்றாவது உலை இந்தப் பழமொழிக்கு அடங்காது. அணு மின்சாரத்தின் ஆபத்து பற்றி நாம் பேசும்போதெல்லாம் அணுகுண்டும் காளான் மேகமும்தான் மனத்தில் எழுகின்றன. மின் உலை அணுகுண்டு போல் வெடிக்காது. அதற்கு வேண்டிய அளவு செறிவூட்டிய யுரேனியம் அதில் கிடையாது. இதைச் சொல்லும் விஞ்ஞானிகள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுவதில்தான் சிக்கல். அணு உலையின் உண்மையான தொல்லை அது ஓடும்போது இருப்பதைவிட, நிறுத்திய பிறகுதான் அதிகம் வெளிப்படுகிறது.

யுரேனிய அணு பிளக்கும்போது கிடைக்கும் துண்டுகள் நிலையற்றவை. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் என்று பல தனிமங்களாக அவை எரிபொருள் கோல்களுக்குள்ளேயே தங்கிச் சிதைந்துகொண்டிருக்கும். சிதையும்போது வெப்பம் விடும். கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் ஓரிரு நொடிகளில் பிளவு நின்றுவிடும். சிதைவை நிறுத்தும் கோல் எதுவும் இல்லை. நிறுத்திய கணத்தில் உலையின் முழு வெப்பத்தில் ஆறேழு விழுக்காடு எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்று, ஒன்றரை விழுக்காட்டுக்கு இறங்கும்; ஒரு நாளில் அரை விழுக்காட்டுக்கும் கீழே போகும். அதன் பிறகு இறங்குவது ஆமை நடைதான்.

அரை விழுக்காடுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடங்குளத்தில் இருப்பது போன்ற 1000 மெகாவாட் உலை ஒன்றின் வெப்பத் திறன் 3000 மெகாவாட். நிறுத்தி ஒரு நாள் கழித்து அதில் எஞ்சுவது சுமார் 15 மெகாவாட் வெப்பம். அது மணிக்கு இருபது டன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கப் போதும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாகச் சொன்னால், மணிக்கு ஏறக்குறைய இரண்டு லாரி. இரவும் பகலும். வாரம் கழித்தும் மணிக்கு ஒரு லாரிக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீர் வராவிட்டால் கோல்கள் வெளியே தெரியும், சூடேறும். 1200 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் சிர்க்கோனிய உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். அந்த ஹைட்ரஜன்தான் கூரையைப் பிய்த்தெறிவது.

ஆக, அணு மின் நிலையத்தின் பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பம்பும் குழாயும் கரண்டும்தான். இன்னொரு வேடிக்கை: மின்சாரம் தயாரிக்கும் இந்த இடம், தான் தயாரிப்பதை நிறுத்திய நொடியிலிருந்து வெளியே யாரிடமாவது மின்சாரம் வாங்கித்தான் உயிர் பிழைக்க வேண்டும்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் ஆறு உலைகளில் அப்போது மூன்று ஓடிக்கொண்டிருந்தன. மூன்றும் உடனே தாமாக நின்றன. நிலநடுக்கம் வெளியிலிருந்து வந்த மின்தடங்களை அறுத்தது. டீசல் ஜெனரேட்டர்கள் உடனே கிளம்பின. இதுவரை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. ஐம்பது நிமிடம் கழித்து ஆழிப்பேரலை வந்தது. நிலையம் எதிர்பார்த்திருந்த உச்ச அலை 5.7 மீட்டர். வந்தது 14, 15 மீட்டர்.

நிலையத்தின் தரை கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரம். ஆனால் அந்த இடம் இயற்கையில் 30 மீட்டருக்கும் மேற்பட்ட குன்று. 1960களில் கட்டும்போது, கடல்நீரை மேலே இறைக்கும் செலவு குறையவும் பெரிய கருவிகளைக் கப்பலில் இருந்து இறக்க வசதியாகவும் குன்றை வெட்டித் தாழ்த்தினார்கள். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. ஒரு சிறு விவரம் என்னை வெகு நாள் உறுத்தியது: வேறு கட்டடத்தில், காற்றால் குளிரும் வகையைச் சேர்ந்த இரண்டு ஜெனரேட்டர்கள் நனையாமல் நல்லபடியாகவே இருந்தன. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சுவிட்ச் பலகைகள் மூழ்கிவிட்டதால் அவை இருந்தும் பயனில்லாமல் போயின. மேட்டில் இருந்த மற்றொரு ஜெனரேட்டரும் அதன் பலகையும் மட்டும் தப்பின. அந்த ஒன்றுதான் ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

மற்ற இடங்களில் இருட்டு. கட்டுப்பாட்டு அறையில் டார்ச் வெளிச்சத்தில் நின்றவர்களுக்கு உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியவில்லை. அளவு காட்டும் முள்ளுக்கும் மின்சாரம் வேண்டுமே. வாகன நிறுத்தத்தில் நின்ற பேருந்துகளிலிருந்தும் ஊழியர்களின் கார்களிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து அளவுமானிகளுக்கு இணைத்தார்கள். உலகின் தொழில்நுட்பச் சிகரங்களில் ஒன்றான நாட்டில், ஓர் அணு உலையின் நாடியைப் பார்க்கக் கார் பேட்டரி தேவைப்பட்டது. வெளியூர்களிலிருந்து ஜெனரேட்டர் லாரிகள் வந்தன. மறுநாள் பிற்பகல் இரண்டாம் உலைக்குக் கேபிள் இழுத்து முடித்த வேளையில் முதல் உலையின் கட்டடம் ஹைட்ரஜனால் வெடித்தது. சிதறிய இடிபாடு அந்தக் கேபிளைச் சேதப்படுத்தியது. 14ஆம் தேதி மூன்றாம் கட்டடம் வெடித்தது. 15ஆம் தேதி நான்காம் கட்டடம். நான்காம் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டு, அதன் எரிபொருள் முழுவதும் வெளியே எடுக்கப்பட்டிருந்தது என்பது கவனிக்க வேண்டியது. பக்கத்து உலையின் ஹைட்ரஜன் பொதுவான குழாய் வழியே வந்து அங்கே வெடித்தது.

அந்த நான்காம் கட்டடத்தின் மேல்தளக் குளத்தில் 1500க்கும் மேற்பட்ட எரிபொருள் கட்டுகள் கிடந்தன, அவற்றில் 1331 பயன்படுத்தியவை. குளம் வற்றினால் மூடி இல்லாத உலை அது. பிரதமர் நவோட்டோ கான் கேட்டபடி, அணுசக்தி ஆணையத் தலைவர் ஷுன்சுகே கோண்டோ மோசமான நிலை எப்படியிருக்கும் என்று கணித்துத் தந்தார். 170 கிலோமீட்டருக்குள் கட்டாய வெளியேற்றம். 250 கிலோமீட்டர் வரை, அதாவது டோக்கியோவையும் சேர்த்து, விரும்புவோர் வெளியேறலாம் என்றது அது. குளம் வற்றவில்லை. காரணம், பழுதுபார்ப்புப் பணி தாமதமானதால், குளத்தை ஒட்டி அதே நான்காம் உலைக்கு மேலுள்ள கிணற்றில் வடிக்கப்படாமல் கிடந்த தண்ணீர் குளத்துக்குள் கசிந்தது. டோக்கியோவின் தலையெழுத்தை ஒரு தாமதமான வேலை காப்பாற்றியது என்பது மிகையான பேச்சாகத் தோன்றலாம்; நடந்தது அதுதான்.

எதிர்பாராத பேரிடர் என்று இதைக் கடந்துபோக முடியாது. நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமே 2008இல் கணக்கிட்டு, அலை 15.7 மீட்டர் வரை வரலாம் என்று கண்டிருந்தது. அந்தக் கணக்கு அரசின் கண்காணிப்பு அமைப்பின் கைக்குப் போன நாள் 2011 மார்ச் 7; நான்கு நாள் மிச்சம். அதே கடற்கரையில், நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணு மின் நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. பழைய பேரலைகளின் வரலாற்றைப் படித்திருந்த ஹிராய் யானொசுகே என்ற பொறியாளர் அந்த உயரத்துக்காகப் பிடிவாதம் பிடித்தார் என்கிறார்கள். அலை வந்தபோது அந்த நிலையம் தாங்கியது. வீடிழந்த ஊர்மக்கள் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே அடைக்கலம் புகுந்தார்கள். ஒரே கடல், ஒரே அலை. வேறுபட்டது மனிதர் எடுத்த முடிவு. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012 ஜூலையில் இதை மனிதர் உண்டாக்கிய விபத்து என்றே எழுதியது.

இப்போது நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை மராமத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆழிப்பேரலை கடலடிச் சுரங்கக் குழாய் வழியாகவே பம்பு நிலையத்துக்குள் பொங்கி ஏறியது. குளிர்விக்கும் பம்புகள் நின்றன. ஊழியர்கள் உலையை நிறுத்திப் பத்திரமாக ஆற்றினார்கள். பக்கத்தில் அப்போது கட்டத் தொடங்கியிருந்த ஈனுலையின் குழியில் கடல்நீர் நிறைந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை தப்பியதற்கு அங்கிருந்தவர்களின் நிதானத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். முதன்மைக் கட்டடங்கள் அலைக்கு எட்டாத உயரத்தில் நின்றதற்கும். மறு ஆண்டு, 2005 ஆகஸ்ட் இறுதியில், பன்னாட்டு அணுசக்தி முகமை அதே கல்பாக்கத்தில் ஒரு பயிலரங்கு நடத்தியது. பொருள்: அணு மின் நிலையங்களுக்கு வெளிவெள்ளத்தால் வரும் ஆபத்து. 1999 டிசம்பரில் பிரான்சின் பிளாயே நிலையம் புயல் வெள்ளத்தில் பாதி நனைந்ததும் ஏற்கெனவே தெரிந்த கதை. ஃபுகுஷிமாவுக்கு ஐந்தரை ஆண்டு முன்பே பாடம் மேசைமேல் இருந்தது.

வெள்ளம்தான் வர வேண்டும் என்றும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலையில் டர்பைனின் இரண்டு இறக்கைத் தகடுகள் முறிந்தன. அதிர்ச்சியில் ஜெனரேட்டரிலிருந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களில் ஏறியது. மாற்று வழிக் கேபிள்களும் அதே பாதையில் போனதால் சேர்ந்து எரிந்தன. கட்டுப்பாட்டு அறையில் புகை மண்டி ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. பதினேழு மணி நேரம் நிலையத்துக்கு மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் விளக்குடன் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் தண்ணீர் ஏற்றினார்கள். உலை உருகவில்லை. இந்திய அணு வரலாற்றின் மிகத் தீவிரமான அந்த இரவைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரி இருந்தால் நல்லது. டார்ச்சோடு ஏறியவர்களின் துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் அந்தத் துணிச்சல் தேவைப்படாதபடி கேபிள் போடுவதுதான் பொறியியல்.

செர்னோபில்லை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அங்கே உலை நின்ற பிறகு உருகவில்லை. ஓடும்போதே கட்டுமீறி வெடித்தது. உலையின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது. எல்லாம் சரி. ஆனால் 1986 ஏப்ரல் 26 நள்ளிரவு தாண்டி அவர்கள் என்ன சோதனை செய்துகொண்டிருந்தார்கள்? வெளி மின்சாரம் அறுந்தால் டீசல் ஜெனரேட்டர் முழு வேகம் பிடிக்க ஒரு நிமிடம் போல ஆகும். அந்த இடைவெளியில், நின்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்சச் சுழற்சியைக் கொண்டே பம்புகளை ஓட்ட முடியுமா என்பதுதான் சோதனை. நிறுத்திய உலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்ற அதே கவலை! மூன்று மைல் தீவில் (அமெரிக்கா, 1979 மார்ச் 28) திறந்தபடி மாட்டிக்கொண்ட ஒரு வால்வு மூடிவிட்டதாக விளக்கு காட்டியது. அந்த விளக்கு சொன்னது மூடும்படி உத்தரவு போனதை மட்டுமே, வால்வு மூடியதை அல்ல. தண்ணீர் போதும் என்று நம்பிய ஊழியர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள். பாதி உலைக்கரு உருகியது.

இந்த விபத்துகளில் செத்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பாளர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஓர் அலகு மின்சாரத்துக்கு இத்தனை உயிர் என்று கணக்கிட்டால் நிலக்கரிப் புகை கொன்றவர்கள் மிக அதிகம். அணு மின்சாரம் காற்றாலையோடும் சூரிய மின்சாரத்தோடும் ஒப்பிடத்தக்க இடத்தில் நிற்கிறது. ஃபுகுஷிமாவில் கதிரியக்கத்தால் நேர்ந்ததாக ஜப்பான் அரசு ஒப்புக்கொண்ட மரணம் ஒன்று; நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஊழியருடையது, 2018இல். செர்னோபில்லில் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளிடையே ஆயிரக்கணக்கில் தைராய்டு புற்றுநோய் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தார்கள்.

ஆனால் பிணக்கணக்கு மட்டுமே ஆபத்தின் அளவுகோல் ஆகிவிடாது. ஃபுகுஷிமாவைச் சுற்றி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடு விட்டுப் போனார்கள். உலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து முதிய நோயாளிகளைப் பேருந்துகளில் ஏற்றி, மணிக்கணக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வழியிலும் சேர்ந்த இடத்திலுமாக இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. வெளியேற்றமும் அலைச்சலும் மன உளைச்சலும் சேர்ந்து அந்த மாகாணத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் பேரிடர் சார்ந்தவையாகப் பதிவாகியுள்ளன. நிலக்கரி கொல்கிறது, ஆனால் ஒரே பிற்பகலில் ஒரு வட்டாரத்தை வரைபடத்திலிருந்து அழிப்பதில்லை.

கூடங்குளத்தில் 2013இல் மின்தொகுப்போடு இணைந்த முதல் உலையும் அதன் ஜோடியும் ரஷ்யாவின் விவிஇஆர் 1000 வகை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஃபுகுஷிமாவோடு ஒப்பிடுவது நியாயமில்லை. கரண்டே இல்லாவிட்டாலும் நீராவி தானாக மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தண்ணீராகத் தானே கீழே இறங்கும் ஏற்பாடு இங்கே உண்டு. உருகினால் ஏந்திக்கொள்ளும் தொட்டியும் உலைக்கடியில் உண்டு. கூடங்குளம் உலைகளை எதிர்த்து நடந்த இடிந்தகரைப் போராட்டம் கேள்வி கேட்டதால் இந்த விவரங்களாவது பொதுமக்கள் காதுக்கு எட்டின. ஆனால் அந்தக் காற்றுக் குளிர்ச்சி உலைக்கு மட்டுமே. பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்துக்கு இல்லை. குளத்துக்குப் பம்பு வேண்டும். அந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் தனிக் கிடங்கை ஐந்தாண்டுக்குள் கட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு முடிந்தபோது கிடங்கு இல்லை. 2022 வரை அவகாசம் வாங்கினார்கள். 2019 ஜூலையில் அதற்காக நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

கூடங்குள உலைகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஆறு பேர் உக்ரைனின் ஸப்போரிஷியாவில் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை அந்த நிலையத்தைப் பிடித்தது; அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து ஆறும் மின்சாரம் தயாரிப்பதில்லை. எரிவதைப் பிடுங்கியாயிற்று. ஆனால் கொதிப்பு? 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, குளிர்நீர் தந்த நீர்த்தேக்கம் வற்றியது. வளாகத்திலேயே கிணறுகள் தோண்டித் தண்ணீர் இறைக்க வேண்டியதாயிற்று. வெளி மின்சாரம் திரும்பத் திரும்ப முற்றாக அறுந்தது. 2025 செப்டம்பரில் அறுந்தபோது ஏறத்தாழ ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே காலம் தள்ளினார்கள். எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் முற்றுகையிடப்பட்ட நிலையம் என்று ஒரு பக்கம் இருந்திருக்காது.

ஃபுகுஷிமாவில் உருகிக் கிடப்பது சுமார் 880 டன். பதின்மூன்று ஆண்டு முயன்று 2024 நவம்பரில் முதன்முறையாக ஒரு துணுக்கை வெளியே எடுத்தார்கள். எடை ஒரு கிராமுக்கும் குறைவு. மிச்சத்துக்கு இன்றும் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருக்கிறார்கள்.

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கலாம். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், உலை வெடிக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். அதற்கான பதில் தயாராக அச்சடித்து வைத்திருப்பார்கள். கரண்ட் போன எட்டாம் நாள் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எந்தப் பம்பில், யார் கையால் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.